காய்ந்த தாள்

கணினி விசிறிகளின் சத்தம் எனக்குப் பழகிவிட்டது. அம்மாவுக்குத்தான் பழகவில்லை.

கணினி அம்மாவின் கட்டிலை ஒட்டியே இருந்தது. கைகால் விழுந்து, பேச்சும் நின்றுபோன பிறகு அண்ணன் கொண்டுவந்து வைத்த பெட்டி அது. திரையில் உள்ள எழுத்துகளை அம்மா ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். மேலே இருக்கும் கேமரா அந்தப் பார்வையைப் பிடிக்கும். எழுத்துகள் சேர்ந்து சொல்லானதும் பெட்டி வாய்விட்டுப் படிக்கும். செய்தி வாசிக்கும் பெண்ணின் குரலில் அண்ணனுக்கு "டேய், நின்னுக்கிட்டே சாப்பிடாதடா" என்று வரும்போது எனக்குச் சிரிப்பு தாங்காது. அம்மாவின் கண்களைப் பழகிக்கொள்ள அதற்கு நான்கு மாதம் ஆனது.

"காதுக்குள்ள லாரி நிக்குது" என்று அம்மா ஒருநாள் எழுதினாள்.

அண்ணன் செல்போன் பழுதுபார்க்கிறவன். விசிறிகளைக் கழற்றிவிட்டுத் தண்ணீரால் குளிர்விக்கலாம் என்றான். திட்டம் போட்டது நான். குழாய் எங்கே வளைய வேண்டும், சூட்டை வெளியே விடும் ரேடியேட்டரை ஜன்னலோரம் எப்படி நிறுத்துவது, தண்ணீரைச் சுற்றவிடும் மோட்டார் அதிராமலிருக்க அடியில் என்ன வைப்பது என்று என் நோட்டின் கடைசிப் பக்கங்களில் வரைந்தேன். பாத்திரம் தேய்க்கும் பஞ்சே போதும் என்று கண்டுபிடித்ததும் நான்தான்.

அண்ணன் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "என்னா மூளை. ஒம்பதாங்கிளாஸோட நிக்க வேண்டியவளாடி நீ?"

விளையாட்டாகத்தான் சொன்னான். அம்மாவின் கண்கள் திரைக்குப் போயின. வெகுநேரம் கழித்துப் பெட்டி படித்தது: "இவளைத் திரும்ப ஸ்கூல்ல சேத்துவிடு."

"அப்ப உன்னை யாரும்மா பாத்துப்பா?" என்றேன்.

"ஆள் வைக்கலாம். நான் உனக்குச் சாக்கு இல்லடி."

அதையும் பெட்டி செய்தி வாசிப்பதுபோலத்தான் சொன்னது. மறுநாள் முதல் அம்மா தலைமையாசிரியைக்குக் கடிதம் எழுதத் தொடங்கினாள். நாளுக்கு ஒரு வரி.

அம்மாவுக்காகப் படிப்பை விட்ட பெண் என்று எல்லோரும் என்னைச் சொல்வார்கள். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் என் தொண்டை அடைத்துக்கொள்ளும் என்பதும், முதுகுக்குப் பின்னால் நாற்பது பேர் காத்திருப்பார்கள் என்பதும் அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

கடிதம் ஆறாவது வரியில் இருந்தபோது குழாய்களை மாட்டினோம். "இன்னிக்குப் பூரா மோட்டார் மட்டும் ஓடட்டும், கம்ப்யூட்டரைப் போடக் கூடாது" என்று சொல்லி, அண்ணன் ஒவ்வொரு இணைப்பின் கீழும் டிஷ்யூ தாளை மடித்து வைத்தான். "ஈரமாச்சுன்னா உடனே எனக்கு போன் பண்ணு" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனான்.

அன்று பகல் முழுக்க வீட்டில் ஒரு குரலும் இல்லை. அம்மாவைத் துடைத்தேன், புரட்டிப் படுக்க வைத்தேன், கஞ்சி கொடுத்தேன். எல்லாம் நன்றாக இருந்தது.

மூன்று மணிக்கு, மேல் இணைப்பின் கீழே இருந்த தாளில் ஒரு பொட்டு ஈரம் தெரிந்தது. நான் எதையும் தளர்த்தவில்லை. அதுவாகக் கசிந்தது. அந்தத் தாளை எடுத்துவிட்டு, காய்ந்த தாள் ஒன்றை அதே மடிப்பில் மடித்து வைத்தேன். திரும்பினால் அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அண்ணன் வந்து தாள்களைத் தொட்டுப் பார்த்தான். "ஒரு சொட்டு இல்ல. கெட்டிக்காரிடி நீ" என்று சொல்லிக் கணினியைப் போட்டான். சத்தமே இல்லை. அவன் முகம் பூரித்தது. "இப்ப எப்படிம்மா இருக்கு?"

அம்மா என்றைக்கும் இல்லாத வேகத்தில் எழுதினாள். "தாளை" என்று பெட்டி படித்தது. அடுத்த சொல்லுக்கு இரண்டு எழுத்து விழுந்தபோது திரை அணைந்தது. கருகிய வாடை லேசாக வந்தது. கடிதம் ஆறாவது வரியோடு நின்றது.

மூன்று மாதம் கழித்து அண்ணன் வேறொரு பெட்டி கொண்டுவந்தான். அதற்குள் அம்மாவின் இமைகள் பாதிக்கு மேல் திறக்க முடியாதபடி ஆகிவிட்டன. கேமராவால் கண்ணைப் பிடிக்க முடியவில்லை. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னார். அண்ணன் வாசலில் போய் நின்று அழுதான். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இப்போது அவன் என்னைத்தான் கேட்கிறான். "அம்மா என்ன சொல்றாங்க?"

"நின்னுக்கிட்டே சாப்பிடாதயாம்" என்கிறேன். அவன் சிரித்துக்கொண்டே உட்காருகிறான்.

நான் பக்கத்தில் போனால் அம்மா இமைகளை முழுவதும் மூடிக்கொள்கிறாள். என்னிடம் எதையும் சொல்லத் தேவையில்லை என்று அவளுக்குத் தெரியும்.