கதவில்லாத விலாசம்

"கதவு இருந்தாத்தான நெம்பர் இருக்கும்? படிக்கட்டுக்கு ஏது நைனா?"

மயிலாப்பூர் தெப்பக்குளக் கரையில் தடுப்பூசி வரிசையில் நின்றபோது இது என் காதில் விழுந்தது. வாந்திபேதி பரவிக்கொண்டிருந்த சமயம். பேரையும் கதவு எண்ணையும் எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தாவிடம் ஒருத்தி பேசிக்கொண்டிருந்தாள். எண் சொல்லத் தெரியாதவர்களை ஊருக்கு வெளியே கொட்டகைக்குக் கொண்டுபோக ஒரு மாட்டுவண்டி காத்திருந்தது.

"வண்டியில ஏறு. கொட்டகையில கஞ்சி தருவாங்க" என்றார் குமாஸ்தா.

"நான் கஞ்சி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள என் எடத்த வேற எவளாச்சும் புட்ச்சிக்குவா. தெக்கால நாலாம் படிலதான் கீறேன். அதயே எழுதிக்க."

"அங்க இருக்கிறதுக்கு யாரு சாட்சி?"

அவள் தனக்குப் பின்னால் நின்ற பஞ்சகச்சம் கட்டிய பெரியவரைக் காட்டினாள்.

"இந்தச் சாமியக் கேளு."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் எதுக்குடி சாட்சி? எட்டு வருஷமா தெனமும் கார்த்தால ஸ்நானத்துக்கு வரச்சே எழுந்து போடின்னு வெரட்டிண்டிருக்கேன். ஒருநாள்கூட அந்தப் படியை விட்டு நகந்ததில்லை இவ."

"எட்டு வருஷம். ஒருநாள்கூட நகரல" என்று சொல்லிக்கொண்டே குமாஸ்தா எழுதினார். "தெற்குப் படி, நாலு. போய் ஊசி போட்டுக்கோ."

அவள் புடவைத் தலைப்பை உதறிக்கொண்டு பெரியவர் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கும் வந்து வெரட்டு சாமி. அடுத்த வாட்டி கேட்டாலும் நீதான சொல்லணும்."