வேலியில்லாத மலை

ஒரு கண்ணாடிக் குழாயை மூன்று முறை கழுவுவது என் வழக்கம். இரண்டு முறை போதும் என்று சக ஊழியர்கள் சிரிப்பார்கள். எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தின் கால்நடை ஆய்வுக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் அப்படித்தான் இருந்தேன். ஆகவே, அதிகாரி அவர்களே, நடந்ததைக் கவனக்குறைவு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

எங்கள் வேல்ஸ் மலைகளில் ஆட்டுக்கு வேலி கிடையாது. தாய் ஆடு தன் சரிவின் எல்லையைக் குட்டிக்குக் காட்டும். அது வளர்ந்து தன் குட்டிக்குக் காட்டும். மந்தை அழிந்தால் அந்த அறிவும் அழியும். விலைக்கு வாங்கிய ஆடு அங்கே நிற்காது. ஒரு சரிவு என் தம்பி தெய்லோவுடையது, அடுத்தது கெத்தினுடையது. நான் மூத்தவன், படிப்பதற்காக மலையிறங்கியவன். சந்தையில் என்னைக் கண்டால் பத்துப் பேர் கேட்கும்படி கெத்தின் கூவுவான்: "பாருங்கய்யா, மலை தெரியாத ஆடு வருது! யாராச்சும் கொஞ்சம் புல்லு காட்டுங்க!" நானும் சிரிப்பேன். அவன் நல்ல மனிதன்.

பிறகு கோமாரி நோய் வந்தது. இரத்தத்தில் அதன் தடயம் இருந்தால் மந்தை முழுவதையும் சுட்டுக் கொன்று எரிக்க வேண்டும் என்பது விதி. நாற்பது மந்தைகளின் இரத்தம் என் மேசைக்கு வந்தது. தம்பியின் குழாய்களில் தடயம் இருந்தது. அவன் ஆடுகள் நோய் கண்டு, தாமாகவே தேறியிருந்தன. விதி தேறியதைப் பார்க்காது. கெத்தினின் மந்தையில் நோயே இல்லை. இரண்டு மந்தைகளின் குழாய்களிலும் இருந்த பெயர்ச் சீட்டுகளை உரித்து, மாற்றி ஒட்டினேன். மதிய உணவுக்கு முன்பே வேலை முடிந்துவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை கெத்தினின் ஆடுகளைச் சுட்டார்கள். அதற்குப் பிறகு வந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, தன் கொட்டகையில், அவன் தன்னைச் சுட்டுக்கொண்டான். அடக்கத்திற்குப் போயிருந்தேன். அவன் மனைவி லௌரி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க கூடத்துல தப்பே வராதாமே?"

வராது என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

இந்த இலையுதிர்காலத்தில் தம்பியிடம் நானே விஷயத்தைச் சொன்னேன். நன்றியை எதிர்பார்த்து அல்ல, தெரிந்திருக்கட்டும் என்று. அவன் குளம்பு சீவும் கத்தியைக் கீழே வைத்தான்.

"நாப்பது மந்தை ரத்தம் இருந்துச்சே அண்ணே. எதுக்குக் கெத்தினோடத எடுத்த?"

"பக்கத்துல இருந்துச்சுடா."

"மலையிலயா, மேசையிலயா?"

அவனுக்குப் பதில் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். மேசையில் கெத்தினின் குழாய்கள் கடைசி வரிசையில் இருந்தன. தேடித்தான் எடுத்தேன்.

மறுநாள் தம்பி உங்களிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னான். திரும்பியதும் தன் மந்தையில் பாதியை லௌரியின் சரிவுக்கு ஓட்டிப்போய் விட்டான். மாலைக்குள் அவை பழைய சரிவுக்கே வந்துவிட்டன. மறுபடியும் ஓட்டினான். இப்போது விடிந்ததிலிருந்து இருட்டும் வரை இரண்டு சரிவுகளுக்கும் நடுவே மழையில் நின்று, தாண்டி வரும் ஒவ்வோர் ஆட்டையும் திருப்பி அனுப்புகிறான். அங்கே பிறக்கும் குட்டிகள் அந்த மலைக்குப் பழகும் வரை நிற்பானாம். மூன்று வருடமாவது ஆகும்.

"போதும் தெய்லோ, வீட்டுக்குப் போ" என்று லௌரி சொல்லிப் பார்த்திருக்கிறாள்.

"வேலி எங்கயாச்சும் வீட்டுக்குப் போகுமா மதினி?" என்றானாம்.

நேற்று நான் ஒரு குடையைக் கொண்டுபோய் நீட்டினேன். வாங்கவில்லை, முகத்தைக்கூடத் திருப்பவில்லை. அவனுக்காக இவ்வளவு செய்திருக்கிறேன். ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.