வால் கயிற்றைக் கட்டியது நான்தான்

கயிறு கட்டியிருந்ததைப் பார்க்காமல் என் மருமகள் விமான இன்ஜினைக் கிளப்பிவிட்டாள் என்று அந்தப் பரீட்சைக்காரர் சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். அவள் பார்த்தபோது அங்கே கயிறே இல்லை. இதை முதலில் எழுதுங்கள் என்றேன். பெயர், வயது, விலாசம் எழுதாமல் பேனா நகராது என்று ஸ்டேஷன் ரைட்டர் சொன்னதால் அதையே முதலில் சொல்கிறேன்.

என்னை முடிச்சு என்று கூப்பிடுவார்கள். வயது எழுபத்தொன்று. ஐந்தாவது வரை படிப்பு, அதில் நாலாவதை மட்டும் ருசித்து இரண்டு தடவை படித்தேன். விமானப் பயிற்சிப் பள்ளியின் பின்பக்கக் கேட்டுக்கு எதிரே, டயர்க்கடை மாடியில், மகன் மருமகளோடு குடியிருக்கிறேன். அந்தப் பள்ளியிலேயே வேலை. சின்ன விமானங்கள் காற்றில் புரண்டுவிடாமல் இறக்கையிலும் வாலிலும் கயிறு போட்டுக் கட்டுவதும், பறக்கும்போது அவிழ்த்து விடுவதும்தான் வேலை.

என் மருமகள் காலையில் மருந்துக்கடையில் நின்று, மத்தியானம் அங்கே விமானம் ஓட்டப் படிக்கிறாள். நான் அவளை, "பைலட்டம்மா, போற வழியில என்னை முடிவெட்டுற கடையில இறக்கி விடுவீங்களா?" என்று கேட்பது வழக்கம். "உள்ள இடமில்ல மாமா, இறக்கையில கட்டிக் கூட்டிட்டுப் போறேன். முடிச்சை நீங்களே போட்டுக்குங்க" என்பாள்.

எல்லாம் முடித்து, லைசென்சுக்குக் கடைசிப் பறக்கும் பரீட்சை மட்டும்தான் பாக்கி. அவள் சேர்ந்தபோது அந்தப் பரீட்சைக்குப் பழைய ஸ்கூட்டர் ஒன்றின் விலை ஆனது. இப்போது புது ஸ்கூட்டரே வாங்கி, ஒரு வருஷத்துக்குப் பெட்ரோலும் போடலாம். முன்பு பரீட்சை எடுக்க மூன்று பேர் இருந்தார்கள். இரண்டு பேர் ஓய்வுபெற்ற பிறகு இவர் ஒருவர்தான் ஊர் ஊராகப் போகிறார். இவர் வரும் செலவு, தங்கும் அறை, விமான வாடகை எல்லாம் பறந்து காட்டுகிறவர் தலையில். இன்ஜின் ஒரு தடவை சுற்றிவிட்டால், காற்று அதிகம் என்று பாதியில் திருப்பினாலும் கட்டிய பணம் போனதுதான். பிள்ளைகள் இவருக்கு 'மறுபடி சார்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

என் மருமகளையும் ஒரு தடவை அப்படித்தான் திருப்பி அனுப்பினார். அதன் பிறகு என் மகன் பைக்கை விற்று இரண்டாவது தடவை பணம் கட்டினான். மூன்றாவது தடவைக்கு வீட்டில் விற்க நான் ஒருவன்தான் மிச்சம், என்னை யாரும் எடுக்க மாட்டார்கள். அதோடு, அவள் எழுத்துப் பரீட்சையில் பாஸானது இந்த மாதக் கடைசி வரைதான் செல்லும். அதற்குள் பறந்து காட்டாவிட்டால் எல்லாம் முதலிலிருந்து.

இந்த மனிதர் காற்றின் வேகம் தெரிய கம்பத்தில் தொங்கும் காற்றுப்பையை இன்ஜின் கிளம்பின பிறகுதான் நிமிர்ந்து பார்க்கிறார் என்று எனக்கு வெகு நாளாகச் சந்தேகம். கிளம்பும் முன்னாலேயே நாலு பேர் எதிரில் பார்க்க வைத்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

சம்பவத்தன்று என் மருமகள் விமானத்தைச் சுற்றி வந்தாள். இறக்கை, சக்கரம், வால் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாள். நான் கயிறுகளை அவிழ்த்தேன். கயிறு மாட்டும் வால் வளையம் காலியாக இருப்பதைப் பார்த்துக் கட்டை விரலைக் காட்டினாள். அதன் பிறகு பரீட்சைக்காரரைக் கூப்பிட ஆபீசுக்குப் போனாள். அவள் தலை மறைந்த பிறகு நான் வால் கயிற்றைத் திரும்பவும் கட்டினேன். அவர் வந்ததும், "சார், பையைப் பாத்து காத்து சரியா இருக்குன்னு வாயால சொல்லுங்க, அவுத்து விடுறேன்" என்று கேட்பதாக இருந்தேன்.

அதன் பிறகு சாட்சிக்கு மேனேஜரையும் வைத்துக்கொள்ளலாம் என்று எனக்கு ஒரு அதிக புத்தி தோன்றியது. அவர் அறைக்குப் போனேன். அவர் போனில் பேசிக்கொண்டே, இரு என்று கையைக் காட்டினார். இருந்தேன். அதன் பிறகு வெளியே இன்ஜின் சத்தம் கேட்டது. மருமகளும் பரீட்சைக்காரரும் வேறு பக்கமாக நடந்து வந்து ஏறிவிட்டிருக்கிறார்கள். நான் கத்திக்கொண்டு ஓடினேன். அந்தச் சத்தத்தில் என் சத்தம் எந்த மூலைக்கு? விமானம் நகர்ந்தது, கயிறு விறைத்தது, மூக்கு ஒரு குலுக்கு குலுங்கியது. வால் வளையம் கோணிவிட்டது.

பரீட்சைக்காரர் இன்ஜினை நிறுத்தச் சொல்லி இறங்கி, "இதைக்கூடப் பாக்கலையா? ஃபெயில்" என்றார். என் மருமகள் முடிச்சைப் பார்த்தாள். அதன் பிறகு என்னைப் பார்த்தாள்.

நான்தான் கட்டினேன் என்று அவரிடம் சொன்னேன். "மருமகளைக் காப்பாத்த மாமனார் விடுற கதை" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "என்னைக் கொல்லப் பாத்தியா?" என்றும் கேட்டார். "நான் பொய்யனா கொலைகாரனா, ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க சார்" என்றேன். அதன் பிறகுதான் ஸ்டேஷனுக்குப் போன் செய்தார்.

இன்னொன்று, எனக்கு எதிராக இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள். ஆபீஸ் வாசலில் நின்று அவர் காற்றுப்பையைப் பார்த்துவிட்டு, "காத்தே இல்லம்மா, இன்னைக்கு முடிச்சிரலாம்" என்று சொன்னாராம். இங்கே வரும் வழியில் என் மருமகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னைத் திட்டக்கூட இல்லை.

இந்த இடத்தில் இன்ஸ்பெக்டர் ஐயா மேஜையிலிருந்து வேறொரு தாளை எடுத்தார். "உங்களுக்கு முன்னாடியே உங்க மருமக எழுதிக் குடுத்துட்டாங்க. வால் கயிறை அவங்கதான் பாக்காம விட்டாங்களாம். மாமா அவுக்கவும் இல்ல, கட்டவும் இல்லையாம்" என்றார்.

அது பொய். நான் கட்டினேன் என்றால் விமானத்துக்குச் சேதம் செய்ததாக எனக்கு ஜெயில், அவள் மறந்தாள் என்றால் அவளுக்கு ஃபெயில் மட்டும்தானே என்று கணக்குப் போட்டிருக்கிறாள். அந்த ஃபெயிலோடு அவள் படிப்பே முடிந்தது என்பதை அந்தத் தாளில் எழுதவில்லை.

"அவங்க சொல்றது பொய்னா நீங்க சொல்றது மட்டும் எப்படி நிஜம்? யார் பொய் சொல்றீங்கன்னு வீட்டுக்குப் போய்ப் பேசி முடிவு பண்ணிட்டு வாங்க பெரியவரே" என்று இன்ஸ்பெக்டர் ஐயா தொப்பியை எடுத்தார்.

"வீட்டுல பேசினா அவதான் ஐயா ஜெயிப்பா. அதனாலதான் இங்க வந்து பேசுறேன்" என்றேன்.

அவர் ஜீப்பில் ஏற வெளியே போனார். ரைட்டர் இன்னும் எழுதுகிறார். மேலே உள்ளது முழுக்க நான் என் வாயால், யாரும் மிரட்டாமல், சொல்லிக் கொடுக்காமல் சொன்னது. படித்துக் காட்டினார், சரியாக இருக்கிறது. இன்னும் ஒரு வரி சேர்க்க வேண்டும்: மாதம் முடிய நாலு நாள்தான் இருக்கிறது, ஐயா, அதற்குள் இந்தத் தாள் அந்தப் பரீட்சை ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தால், அவளை ஒரே ஒரு தடவை, என் செலவில்... ஐயா, ஜீப்பைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள்...

(ஒப்பம்)
முடிச்சு