ஸ்கோர் சொல்லாதவர்

— அந்தக் கவரை இங்க குடுங்க. டாக்ஸி வர்றதுக்குள்ள பேசி முடிச்சிடலாம்.

— பேசறதுக்கு ஒண்ணுமில்ல அனுசூயா. டோர்வல் ஏர்போர்ட்ல இறங்கினதும் அங்க தபால் பெட்டியில போட்டுடுவேன். ஸ்டாம்பு ஒட்டியாச்சு.

— நாளைக்கு அமெரிக்காவுல பெரிய ஃபுட்பால் லீக்ல ஹெட் கோச்சுன்னு கையெழுத்து போடப் போறீங்க. இருபது வருஷத்துக்கு மேல இதுக்குத்தானே அலைஞ்சீங்க? இன்னைக்குப் போயி செத்துப்போன பையனோட அம்மாவுக்கு லெட்டரு!

— கையெழுத்துக்கு முன்னாடி இது போயாகணும்.

— ஸ்டெஃபான் போயி பதினஞ்சு வருஷம் ஆச்சுங்க.

— எங்க போனான்? போன ஞாயித்துக்கிழமைகூட வந்தான்.

— என்ன சொல்றீங்க?

— சென்ட் லோரன்ட் மைதானத்துல நம்ம பசங்களுக்கு பிராக்டீஸ். பனி இன்னும் முழுசா கரையல. எல்லைக் கோட்டு ஓரமா ஒருத்தன் வெறும் ஜெர்சியோட நிக்கறான், ஸ்டெஃபானோட ஏழாம் நம்பரு. குளிருமேன்னு என் கோட்டைக் கழட்டிட்டுப் பக்கத்துல போறேன், ஆளில்ல. கோட்டைக் கையில பிடிச்சுகிட்டு நிக்கறேன். பசங்க அத்தனை பேரும் ஆட்டத்தை விட்டுட்டு என்னையே பாக்கறாங்க.

— தூக்கம் பத்தல உங்களுக்கு. மாத்திரை எழுதித் தரேன்.

— டாக்டரம்மா, எதுக்கெடுத்தாலும் மாத்திரையா?

— பின்ன? எனக்குத் தெரிஞ்சது அதுதானே.

— கேளு. சிகாகோவுக்கு என்ஜினியரிங் படிக்க வந்தவன் கோல்கீப்பரா நின்னேன். விரல் உடைஞ்சுது, வாளியும் ஸ்பாஞ்சும் தூக்கிகிட்டு ட்ரெய்னர் ஆனேன். அப்புறம் ரெஃப்ரி. அப்புறம் ரேடியோவுல கமென்ட்ரி. அப்புறம் ஊர் ஊரா போய் ஆட்டக்காரனைத் தேடிப் பிடிக்கற வேலை. மான்ட்ரியல் வந்ததும் கோச். தாமோதரன் பாக்காத வேலையே இல்லன்னு எல்லாரும் மெச்சிக்கறாங்க. அது ஆசையில்ல அனுசூயா. ஸ்டெஃபான்கிட்டேயிருந்து ஓட்டம். வேலையை மாத்தினா விட்டுடுவான்னு பாத்தேன்.

— ரேடியோவை விட்டது மட்டும் எனக்குப் புரிஞ்சதே இல்லைங்க. உங்க குரலுக்கு எவ்வளவு கடுதாசி வந்துச்சு!

— நான் எங்க விட்டேன்? ஸ்டேஷன்காரன் தொரத்திட்டான். ஸ்கோர் சொல்ல மாட்டேங்கறேன்னு.

— என்னது?

— கேளு. பந்து யார்கிட்ட, காத்து எந்தப் பக்கம், கோலி எங்க நிக்கறான், எல்லாம் வரும். ஸ்கோர் மட்டும் தொண்டையிலேயே நின்னுடும். ஒரு மேட்ச் முழுக்க சொல்லாமலே ஓட்டினேன். யாரு ஜெயிச்சான்னு தெரியாம ஊரே ஸ்டேஷனுக்கு போன் பண்ணுது.

— சிரிக்கறதா அழறதா தெரியலையே. ஏங்க அப்படி?

— உன்கிட்ட ஒரு பொய் சொல்லியிருக்கேன். ஸ்டெஃபான் தலையில அடிபட்டும் தானா எந்திரிச்சு ஆடினான்னு சொன்னேன்ல?

— ம்.

— தானா இல்ல. அப்போ நான்தான் ட்ரெய்னர். எங்க லீக்ல மாத்து ஆள் கிடையாது. ஒருத்தன் வெளிய போனா மிச்சம் பத்து பேருதான். தலையில அடிபட்டவனை நிக்க வெச்சு ட்ரெய்னர் ஒரே ஒரு கேள்வி கேப்பான், ஸ்கோர் என்னன்னு. சரியா சொன்னா ஆடலாம். முழிச்சா வெளிய. எங்க வைத்தியமே அவ்வளவுதான்.

— அவன் சொன்னானா?

— முழிச்சான். ரெஃப்ரி பத்தடி தள்ளி வந்துகிட்டிருக்கான். முகம் துடைக்கற மாதிரி குனிஞ்சு அவன் காதுல நான் சொன்னேன், ரெண்டுக்கு ஒண்ணுன்னு. ரெஃப்ரி வந்ததும் சத்தமா கேட்டேன். ரெண்டுக்கு ஒண்ணுன்னான், வாத்தியார் முன்னாடி ஒப்பிக்கற பிள்ளை மாதிரி.

— அப்புறம்?

— நாப்பது நிமிஷம் ஆடினான். ஜெயிச்சோம். "தாங்க்ஸ் டாமி"ன்னு என் முதுகுல தட்டிட்டுப் போனான், தாமோதரன்னு அவன் வாயில நுழையாது. பத்தொம்பது வயசு. மறுநாள் காலையில அவங்கம்மா எழுப்பப் போயிருக்கா... நான் சாவுக்குக்கூடப் போகல அனுசூயா. அந்தம்மா முகத்துல முழிக்க பயந்துட்டேன்.

— அழாதீங்க. இங்க பாருங்க, அழாதீங்க.

— நாளைக்கு இருபது பசங்களை என் கையில குடுக்கப் போறாங்க. அதுக்குள்ள அந்தம்மாவுக்குத் தெரியணும். என்ன திட்டணுமோ திட்டட்டும்.

— வேண்டாங்க. உங்க கால்ல விழறேன், அனுப்பாதீங்க.

— என்ன, வேலை போயிடும்னா? போகட்டுமே. இங்க வீட்டுலயே இருந்து புல்லு வெட்டறேன்.

— வேலைக்காக இல்ல. அந்தம்மா பதில் எழுதுவா.

— எழுதட்டும்.

— உங்களைத் திட்ட மாட்டா அவ. பதினஞ்சு வருஷமா அவ திட்டறது வேற ஆளை.

— யாரை?

— மேட்ச் முடிஞ்சு ஸ்டெஃபான் நேரா வீட்டுக்குப் போகல. தலைவலின்னு வழியில ஆஸ்பத்திரிக்குப் போனான்.

— இல்லையே. கிளப்புல யாருமே அப்படிச் சொல்லலையே. உனக்கு யாரு சொன்னது?

— அங்க டியூட்டியில ரெண்டு நாளா தூங்காத ஒரு பயிற்சி டாக்டர். வெளிய முப்பது பேர் காத்துகிட்டிருக்காங்க. கண்ணுல டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, அட்மிட் பண்ணலாமான்னு யோசிச்சா. அவன்தான் சொன்னான், எங்க ட்ரெய்னர் பாத்துட்டாரு, எனக்கு ஒண்ணுமில்லன்னாரு, அவரும் உங்க ஊருதான்னு.

— உங்க ஊருன்னா... அனுசூயா?

— மறுநாள் அந்தம்மா வந்து டாக்டர் பேரை எழுதி வாங்கிட்டுப் போனா. அதுக்கு அடுத்த மாசம் உங்க கிளப்புக்கு ஒருத்தி தேடி வந்தாளே, ஏன் வந்தேன்னு இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது கேட்டீங்களா? சொல்லத்தாங்க வந்தேன். தமிழ்க் குரலைக் கேட்டதும் உங்க முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். வாய் வரல.

— டாக்ஸி வந்துடுச்சு. ஹாரன் அடிக்கறான்.

— அடிக்கட்டும். ஸ்டெஃபான் என்கிட்ட, வீட்டுக்குப் போகலாமா டாக்டர்னு கேட்டான். போலாம்னு நான்தான் சொன்னேன்.