சத்தம் போடாத மூடி

தேவிஸ்ரீ: அப்பா, எந்திரிங்க! இது கடை. ஆயர் குரோ ஊருல பாதி சனம் இங்கதான் நிக்குது.

சாமிக்கண்ணு: நிக்கட்டும்லா. உக்காந்து பாக்காம எப்படி வாங்குறது? செருப்புன்னா போட்டுப் பாக்கல?

தேவிஸ்ரீ: செருப்பும் கக்கூஸ்ல வைக்கிற ஜம்பானும் ஒண்ணா? முப்பது வருசமா, குந்துறதுதான் உடம்புக்கு நல்லதுன்னு எல்லாருக்கும் லெக்சர் அடிச்சீங்க. இப்ப என்ன திடீர்னு?

சாமிக்கண்ணு: முட்டி வலி.

தேவிஸ்ரீ: எந்த முட்டி?

சாமிக்கண்ணு: இடது... வலது.

தேவிஸ்ரீ: நேத்து புக்கிட் காத்தில்ல பேட்மிண்டன் ஆடுறப்ப குதிச்சது எந்த முட்டி?

சாமிக்கண்ணு: அது... குதிச்சா வலிக்காது. குந்துனாதான்.

தேவிஸ்ரீ: சரி, இந்த உயரமானத எடுங்க.

சாமிக்கண்ணு: வேணாம், அந்தக் குள்ளமானது. கால் தரையில படணும்.

தேவிஸ்ரீ: நீங்க ஆறடிப்பா! அதுல உக்காந்தா முட்டி காதுல இடிக்கும்.

சாமிக்கண்ணு: இடிச்சா இடிக்குது... மூடியப் பாத்தியா? தானா மெதுவா எறங்குது. சத்தமே இல்ல.

தேவிஸ்ரீ: வீட்டுல நீங்க ஒருத்தர்தான். சத்தம் கேட்டு யாரு முழிக்கப் போறா?

சாமிக்கண்ணு: பூனை.

தேவிஸ்ரீ: பூனையா!

சாமிக்கண்ணு: அதுக்கும் தூக்கம் வேணும்ல...

தேவிஸ்ரீ: அப்பா, என்னப் பாத்து சொல்லுங்க. உடம்புக்கு ஏதாச்சும்...?

சாமிக்கண்ணு: சேச்சே! அது வந்து... உங்கம்மா போயி நாலு வருசம் ஆச்சு...

தேவிஸ்ரீ: ஜம்பான் வாங்க வந்த எடத்துல அம்மாவ ஏன்பா இழுக்கறீங்க?

சாமிக்கண்ணு: வீட்டுல சொன்னா கத்துவ. இங்கன்னா ஆளுங்க இருக்காங்க, கத்த மாட்ட.

தேவிஸ்ரீ: ஓ... அப்படியா. சொல்லுங்க.

சாமிக்கண்ணு: கிளேபாங்ல இளநீர்க் கடை வச்சிருக்காங்களே... மங்களம்.

தேவிஸ்ரீ: ஆமா. வருசக் கணக்கா தெனமும் அங்கதான இளநி குடிக்கறீங்க. உடம்பு முழுக்க இப்ப இளநிதான் ஓடும்.

சாமிக்கண்ணு: கிண்டல் பண்ணாத... அவங்களுக்குத்தான் முட்டி வலி.

தேவிஸ்ரீ: ம்ம்.

சாமிக்கண்ணு: அடுத்த மாசம் கல்யாணத்தப் பதிஞ்சுக்கலாம்னு பேசினோம். நீ வேணாம்னா வேணாம்மா. ஜம்பானும் வேணாம், ஒண்ணும் வேணாம். பழசுலயே குந்திக்கறேன்.

தேவிஸ்ரீ: இருங்கப்பா, மெசேஜ் வருது.

சாமிக்கண்ணு: ஏதாச்சும் சொல்லேன்மா. கத்தவாச்சும் செய்.

தேவிஸ்ரீ: என்னத்தக் கத்துறது? போன வாரமே ஆன்ட்டி என் ஆபீசுக்கு வந்து கேட்டுட்டாங்க.

சாமிக்கண்ணு: அலாமாக், ஐயய்யோ... என்ன கேட்டாங்க?

தேவிஸ்ரீ: 'உங்கப்பாவ நான் பாத்துக்கலாமா?'ன்னு. ரெண்டு பேரும் கொஞ்சம் அழுதோம்.

சாமிக்கண்ணு: நீ... என்ன சொன்ன?

தேவிஸ்ரீ: சரின்னேன். நீங்களா வாயத் தொறக்கணும்னுதான் ரெண்டு பேரும் பேசாம இருந்தோம். ஆன்ட்டி காலையிலேர்ந்து வெளிய கார்லதான் உக்காந்திருக்காங்க. இப்ப மெசேஜ் வந்துச்சு... 'சொல்லிட்டாரா, இல்லையா? எனக்கு அவசரம், இந்தக் கடையில நெசமாவே போற தண்டாஸ் எங்க இருக்கு?'ன்னு.