பஞ்சாலையின் விரல்

சந்திரன்: கைய ஒளிக்காதக்கா. காட்டு… தொடமாட்டேன்.

பஞ்சாலை: பாத்து என்னா ஆவப்போவுது? செவ்வாக்கெழம வெரல எடுத்துருவாங்க. டாக்டர் தேதி குடுத்தாச்சு தம்பி.

சந்திரன்: மாட்டாஸ்பத்திரி லேப்ல எட்டு வருசமா இருக்கேன்லா, எனக்கும் கொஞ்சம் தெரியும். ஐயோ… செவசெவன்னு இருக்கே! ரத்தம் வருதா?

பஞ்சாலை: துணி பட்டாலே வருது. வலிதான் பெருசா இல்ல.

சந்திரன்: ஆட்டத் தொட்டியா?

பஞ்சாலை: எங்கிட்ட ஏது ஆடு? இருந்த ஒரு கிடாவும் முனியாண்டி பூசைக்கு முந்தின நாளு ஓடிப்போச்சு. எஸ்டேட்டுக்கே தெரியும்.

சந்திரன்: பக்கத்து லயத்து வீடுங்கள்ல? வாயில புண்ணு வந்த ஆடு ஏதாச்சும்…

பஞ்சாலை: இல்லன்னா இல்ல! புத்துநோயா இருக்கும்னு டாக்டரே சொல்லிட்டாரு. வந்துட்டாரு மாட்டு டாக்டரு…

சந்திரன்: சிரிக்காத, கேளு. ஆட்டு வாய்ப்புண்ணுக்கு ஒரு கிருமி இருக்கு. மனுசன் கையில ஏறுனா இப்படித்தான் செவந்து வீங்கும். ஏன் செவக்குது தெரியுமா?

பஞ்சாலை: ஏனாம்?

சந்திரன்: காயம் பட்டா நம்ம ஒடம்பு ஒரு புரதத்த அனுப்பும். 'இங்க புது ரத்தக்குழாய் மொளைக்கட்டும்'னு அதுதான் உத்தரவு. வேல வாங்குற மண்டோர் காலையில விசில் ஊதுனா நீங்கள்லாம் பேர் குடுக்க பெரட்டுக்கு வந்து வரிசையா நிப்பீங்கல்ல…

பஞ்சாலை: நிக்காட்டி அன்னிக்கு வேல இல்லையே.

சந்திரன்: இந்தக் கிருமி அதே மாதிரி புரதத்தத் தானே செஞ்சுக்குது. மண்டோர் வீட்ல தூங்குறாரு, திருடன் விசில் ஊதுறான்.

பஞ்சாலை: அட! குழாய்ங்க நம்பி வந்துருமா?

சந்திரன்: கூட்டமா மொளைக்கும். அதான் இந்தச் செவப்பு.

பஞ்சாலை: கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்கு மண்டோர் விசில் எப்படிடா கெடச்சுது?

சந்திரன்: எந்தக் காலத்துலயோ ஆட்டு ஒடம்புலேர்ந்து திருடியிருக்கும்ங்கிறாங்க. தொண்ணூத்தி நாலுலதான் கண்டுபுடிச்சாங்க. ரெண்டு வருசம்கூட முழுசா ஆகல.

பஞ்சாலை: திருடி அதுக்கு என்னா லாபம்?

சந்திரன்: ரத்தம் பாஞ்சா தோலு தடிச்சு வளரும். அந்தத் தோலுலதான் அது குடித்தனம் பண்ணுது.

பஞ்சாலை: கெட்டிக்காரப் பூச்சிதான்… அப்புறம் கை பூரா பரவிருமா?

சந்திரன்: அதான் இல்ல. ஆறு வாரத்துல ஒடம்பே அத வெரட்டிரும். தானா ஆறிரும். கத்தியே வேணாம்.

பஞ்சாலை: தானாவா…

சந்திரன்: ஆமாலா. ஆனா ஆட்டத் தொட்டேன்னு நீ வாயத் தொறந்தாத்தான் டாக்டர் அப்படி யோசிப்பாரு. வெரலு போனா ரப்பர் மரம் எப்படிச் சீவுவ? அக்கா… ஏன் அழுவுற?

பஞ்சாலை: ஒண்ணுமில்ல.

சந்திரன்: கிடா ஓடிப்போகல, அப்படித்தானே?

பஞ்சாலை: புள்ளைங்கள விட்டுட்டுப் போவோமே, அந்த மூடிக்கெடக்குற ஆயாக்கொட்டாயில கட்டி வச்சிருக்கேன். வாயெல்லாம் புண்ணு. நாந்தான் கையால கஞ்சி ஊட்டுறேன்.

சந்திரன்: அப்ப பொழைச்ச போ! இதப் போயி ஏன் மறைச்ச? மாமா பூசைக்கு வெட்டிருவாருன்னு பயந்தா?

பஞ்சாலை: போன வருசம் செனாவாங் ரோட்டுல மோட்டார் சைக்கிள்லேர்ந்து விழுந்து நீ பேச்சுமூச்சில்லாம கெடந்தியே… அப்ப உன் உசுருக்காக முனியாண்டிக்கு நேந்துவிட்ட கிடாடா அது. புட்டிப்பால் குடுத்து வளத்தத வெட்டக் குடுக்க மனசு வரல. 'என் வெரல எடுத்துக்க, கிடாவ விட்டுரு'ன்னு வேண்டிக்கிட்டேன். மறுவாரமே வெரலு செவந்துச்சு… சாமி ஒத்துக்கிச்சுன்னு நிம்மதியா இருந்தேன். இப்ப நீ வந்து வெரலும் ஆறிரும்ங்கிற. கிடாவும் இல்ல, வெரலும் இல்லன்னா அப்புறம் சாமி யாரடா கேக்கும்?