ட்ராகனுக்கு வைத்த நேர்த்தி

வெள்ளிக்கிழமை காலை, தொண்டைமானாறு போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் இரண்டு கம்பஸ் மாணவிகள். யன்னல் பக்கம் இருந்தவளின் காலடியில் ஒரு பை நிறையத் தேங்காய்.

“ட்ராகன் உயிரோடை வந்திட்டுதெல்லோ. சன்னதி முருகனுக்கு நேர்த்தியைச் செய்யத்தானே வேணும்,” என்றாள் அவள்.

பஸ்ஸே திரும்பிப் பார்க்கத் தோழி சிரித்தாள். “உனக்கு விசரடி! படத்தின்ரை அஞ்சாம் பாகத்திலை அது செத்ததுக்கோ நேர்த்தி வைச்சனி?”

“ஓம். தியேட்டரிலை இருந்து அழுதழுது வைச்சனான். திரும்பி வந்தால் பதினொரு தேங்காய் உடைக்கிறன் எண்டு. இப்ப அதுக்கெண்டே தனிப் படம் எடுத்திட்டாங்கள்.”

“எடுத்தென்ன? பழைய பாகங்களுக்குக் கிட்ட வருமே? அதுகளிலை ட்ராகன் பறந்தால் உடம்பெல்லாம் புல்லரிக்கும். உந்தப் புதுப் படத்திலை குந்தியிருந்து பாட்டெல்லோ பாடுது!”

“மெதுவாக் கதை. முருகன் தந்த படத்தைக் குறை சொல்லாதை.”

“சரி, உனக்குப் பிடிச்சதோ? உண்மையைச் சொல்லு.”

பஸ் குலுங்கியதில் ஒரு தேங்காய் உருண்டது. அவள் குனிந்து எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

“பிழை என்னிலைதான். திரும்பி வரோணும் எண்டு மட்டும்தான் கேட்டனான். கதையும் நல்லா இருக்கோணும் எண்டு கேக்கேல்லை.”